நெற்றியில் ஒன்றும் எழுதாத வண்டி

எங்கள் மினி லாரியின் முன்னால் இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு முக்காலி போட்டு ஏறி நின்றிருந்தார்கள். இருவர் கையிலும் நாமம் போடத் திருமண் குழைத்த கிண்ணம். ஒருவர் கல்யாணப் பெண்ணின் அப்பா தேசிகாச்சாரி. இன்னொருவர் பிள்ளைக்கு மாமா, அழகியமணவாளன்.

கண்ணாடிக்கு மேலே இருந்த நெற்றிப் பலகையில் இடப் பக்கக் கோட்டை அவரும் வலப் பக்கக் கோட்டை இவரும் போட்டாயிற்று. இரண்டு கோடுகளும் கீழே வந்து சேர வேண்டிய இடத்தில் இருவர் விரலும் நின்றுவிட்டன. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டப வாசலில் நாகஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு, சீவாளியைத் துடைக்கிற சாக்கில் வேடிக்கை பார்த்தார்.

டிரைவர் சீட்டில் என் கூட்டாளி ஆரோக்கியம். பக்கத்து சீட்டில் அவனுடைய மாமனார் சவரிமுத்து. மாமனாரின் மடியில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் ஆரோக்கியத்தின் சட்டைகளும் ஒரு போர்வையும் இருந்தன.

நாமம் எப்படி முடிந்தால் எனக்கென்ன? அந்தப் பை எந்தப் பக்கம் போகும் என்பதுதான் என் கவலை. பை குஜராத்துக்குப் போனால் ஆரோக்கியமும் போவான். அவன் போனால் என் தொழில் அன்றோடு சரி. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில் பின்னால் ஒருவரை உட்காரவைத்து மிதிப்பதற்கே பயப்படுகிறவன் நான்.

மில் உடைந்தது, வண்டி மிஞ்சியது

நான் கணக்கு எழுதிய அரிசி மில்லைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். முதலாளி கண்ணை மூடியதும் மகன்கள் இரண்டு பேரும் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தார்கள். மில்லைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள். அப்பா உட்கார்ந்த நாற்காலியைக்கூடப் பிரித்தார்கள். ஒருவருக்கு நாற்காலி, மற்றவருக்கு அதன் மேல் கிடந்த மெத்தை.

மினி லாரியை மட்டும் பிரிக்க முடியவில்லை. அண்ணன் எடுத்தால் தம்பி மூஞ்சியைத் தூக்கினார். தம்பி எடுத்தால் அண்ணன் சாப்பிட மறுத்தார். கடைசியில் மூன்றாம் மனிதனுக்கு விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. அந்த மூன்றாம் மனிதன் நானும், அந்த வண்டியை அதுவரை ஓட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியமும்.

ஆரோக்கியத்துக்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைதான் ஊர். அவன் ஓட்டினால் மூட்டை மேல் வைத்த டம்ளர் தண்ணீர் சிந்தாது என்று மில்லில் பேச்சு. நானே ஒரு முறை வைத்துப் பார்த்தேன். சிந்தியது. ஆனால் கொஞ்சம்தான்.

அவன் என்னை "ஐயரே" என்பான். நான் ஐயங்கார் என்று பல வருஷம் திருத்திப் பார்த்தேன். "சரி ஐயரே, இனிமே அப்டியே கூப்புடறேன்" என்பான்.

என் மனைவி ரங்கநாயகிக்கு விஷயம் தெரிந்ததும், "ஏன்னா, லாரிக்கு முன்னாடி பின்னாடி எதுன்னாவது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். கேட்டாளே தவிரத் தடுக்கவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கணவனைவிட லாரி தேவலை என்று நினைத்திருப்பாள்.

ஆரோக்கியத்தின் வீட்டில்தான் தடை வந்தது. அவன் மனைவி ஸ்டெல்லா மாசமாக இருந்தாள், முதல் பிள்ளை. அவள் அப்பா சவரிமுத்து, மாகறல் தாண்டி ஒரு கிராமத்தில் இருப்பவர், குஜராத் ஓடும் பெரிய லாரி கம்பெனியில் மருமகனுக்கு வேலை சொல்லி வைத்துவிட்டார். போனால் மாதக்கணக்கில் வர முடியாத வேலை. ஆனால் மாதா மாதம் நிச்சயம்.

"மாப்ள, ஆடி முடியறதுக்குள்ள இந்த வண்டிக்கு நெலையா லோடு வந்தா நீ இங்கயே இரு. வரலைன்னா ஆவணி மொத முகூர்த்தத்தன்னைக்கு நானே பையோட வந்து இட்னு போறேன்" என்று கெடு வைத்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், தன் மருமகனைக் கெடுக்க வந்த கணக்குப்பிள்ளை என்று எழுதியிருந்தது.

ஆடி மாதத்தில் இந்த ஊரில் கல்யாணம் கிடையாது, யாரும் வீடு மாற்றமாட்டார்கள். அந்த ஆடிக்குள் நாங்கள் லோடு பிடிக்க வேண்டும்!

"நீயே சொல்லு", "நீங்களே சொல்லுங்க"

வண்டியின் நெற்றியில் மில்லின் பெயர் இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். அதன் மேல் என்ன எழுதுவது?

பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஆரோக்கியத்திடம், "நீயே சொல்லுப்பா. உங்க மாதா பேரை எழுதிடலாம்" என்றேன்.

"அய்ய, அதெல்லாம் வேணாம். பெருமாள் ஊருல இருந்துக்கினு பெருமாள் பேரு போடாம இன்னா? எழுது நைனா."

"உன் கை ஓட்டற வண்டி. உன் சாமிதான்."

"உங்க பேருல ஆர்.சி. உங்க சாமிதான்."

இப்படியே போயிற்று. இரண்டு பேருமே பிடிவாதமாக விட்டுக்கொடுத்தோம். சண்டை போட்டிருந்தால்கூடச் சீக்கிரம் முடிந்திருக்கும். பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, "ரெண்டு பேரும் வூட்ல பேசிக்கினு பொறுமையா வாங்கபா. எனக்கு வேற போர்டு இருக்குது" என்று போய்விட்டார்.

நான் விட்டுக்கொடுத்ததில் இன்னொரு காரணமும் உண்டு. பெருமாள் பெயர் எழுதினால் பக்கத்தில் நாமம் போட வேண்டும். சின்னக் காஞ்சிபுரத்தில் நாமம் என்றால் உடனே அடுத்த கேள்வி, எந்த நாமம்? வடகலையா, தென்கலையா?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டும் வெள்ளைக் கோடுகள்தான், நடுவில் ஒரு கோடுதான். மேலே ஒரு வித்தியாசமும் கிடையாது. கீழே மூக்கின் மேல் பாதம் இறங்குமா, இறங்காதா என்பதுதான் வழக்கு. தென்கலைக்கு இறங்கும், வடகலைக்கு இறங்காது. அந்த ஓர் அங்குலத்துக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரே காம்பவுண்டு சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்து, இரண்டு பக்கமும் வேறு வேறு நாமம் வரைந்தவர்களும் இருந்தார்கள்.

நான் எந்தக் கலை என்று கேட்டு இந்தத் தொடருக்கு வாசகர்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. ஏன் என்பது இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தால் புரியும்.

ஊர் படித்த விதம்

கோயில்கள் நிறைந்த ஊரில் வண்டி ஸ்டாண்டைப் பார்த்தால் கோயில் பிராகாரம் மாதிரிதான் இருக்கும். ஒரு வண்டியில் சங்கு சக்கரம், ஒன்றில் விபூதிப் பட்டை, ஒன்றில் அம்மன் முகம், ஒன்றில் பிறை, ஒன்றில் மாதா. நடுவில் எங்கள் வண்டி மஞ்சளாக, வெறுமையாக நின்றது.

ஊர் அதை ஒவ்வொரு விதமாகப் படித்தது. "சீஸ் பண்ண வண்டி போலக்குது" என்றார்கள் சிலர். தேர்தல் வேலைக்கு வந்த அரசாங்க வண்டி என்றார்கள் சிலர். ஒரு அம்மாள் வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார். அப்புறம் விசாரித்ததில், பிணம் ஏற்றும் வண்டி என்று நினைத்தாராம்.

பட்டுக் கடைகளுக்குப் போனோம். இதுதான் நான் செய்த பெரிய அறிவுக் காரியம். பட்டு ஊரில் லாரி வைத்தால் பட்டு ஏற்றலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் பட்டுக்கு எடையே இல்லையே! ஒரு பெரிய கடையின் சரக்கே துணி மூட்டையாகக் கட்டப்பட்டு, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பட்டணம் போய்விடும். கடைக்காரர் எங்களுக்குக் காபி கொடுத்து, "ஒரு சேலை எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று எங்களிடமே வியாபாரம் பேசினார்.

நெசவாளர் தெருவில் தறி இடம் மாற்றுவார்களே என்று விசாரித்தோம். அங்கே தெலுங்கு பேசும் ஒரு தறிக்காரர் வெளியே வந்து, வண்டியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏமப்பா, முந்தானை இல்லாத சேலை மாதிரி இருக்குதே இது. பேரு ஒண்ணு எழுதிக்கினு வா. அப்பால பேசலாம்" என்றார்.

விசிட்டிங் கார்டு அடித்தோம். அதில் போட்ட நம்பர் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தின் பி.பி. நம்பர். பூத்துக்காரர் நல்லவர். ஆனால் யாராவது போன் செய்தால் அவர்களிடம் அவரே ஊர்க்கதை பேசி முடித்து, வைத்தும்விடுவார். அதன் பிறகு எங்களைப் பார்க்கும்போது, "யாரோ கூப்டாங்கபா, நல்ல மனுஷன்" என்பார்.

அந்த ஆடியில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லோடு, ஏனாத்தூர் காலேஜில் படித்த ஒரு மாணவனின் கட்டிலும் கேரம் போர்டும். பையன் டீ வாங்கிக் கொடுத்தான். ஆரோக்கியம் அந்தக் கேரம் போர்டை, அது அசையாதபடி, நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினான். இரும்பு பீரோ ஏற்றும்போது கட்டுகிற அதே முடிச்சு. எனக்கு அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"எழுதிடலாம்பா, மாதா பேரே எழுதிடலாம்" என்றேன் அன்றைக்கு.

"இப்ப எழுதுனா தோத்துட்டு எழுதுன மாரி இருக்கும் ஐயரே. வேணாம். ஆடி முடியட்டும்."

ஆடி முடிந்தால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் வண்டியைத் துடைத்தான். அவன் துடைத்த வண்டியை நான் துடைத்தேன்.

ஒரு கல்யாணம், இரண்டு கலை

ஆடிக் கடைசியில் ஒரு காலை, தேசிகாச்சாரி எங்கள் வாசலுக்கு வந்தார். முன்பின் பழக்கம் இல்லை. வந்தவர் என்னிடம் பேசாமல் நேராக வண்டியிடம் போனார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து பம்பரைப் பார்த்தார்.

"என்ன ஓய், இதுல ஒண்ணுமே எழுதலையே?"

வழக்கமான பல்லவி என்று நினைத்து, "எழுதப் போறோம் சுவாமி" என்றேன்.

"எழுதப்படாது!" என்று அலறினார். "தயவு பண்ணி எழுதிடாதேயும். இப்படி ஒரு வண்டியைத்தான் ஊரெல்லாம் தேடிண்டிருக்கேன்."

விஷயம் இதுதான். அவர் பெண்ணும் பிள்ளையும் பட்டணத்தில் ஒரே கம்ப்யூட்டர் ஆபீஸ். அவர்களாகவே பார்த்து முடித்துக்கொண்டார்கள். பெண் வடகலை, பிள்ளை தென்கலை. பெரியவர்கள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்து, யார் முறைப்படி தாலி, யார் முறைப்படி தளிகைச் சமையல் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, சீர் கொண்டுபோகும் லாரியில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

காலையில் பெண் வீட்டிலிருந்து மண்டபத்துக்குச் சீர் போக வேண்டும். சாயங்காலம் அதே வண்டி பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். பாதம் வைத்த நாமம் போட்ட வண்டியில் என் பெண்ணின் சீரை ஏற்றமாட்டேன் என்றார் இவர். பாதம் இல்லாத நாமம் போட்ட வண்டி என் அக்கா வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்றார் பிள்ளையின் மாமா. விபூதி போட்ட வண்டி வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அபாரமான ஒற்றுமை.

மறுநாள் பிள்ளையின் மாமா அழகியமணவாளன் பரிசோதனைக்கு வந்தார். மஞ்சள் பெயிண்டுக்கு அடியில் ஏதாவது நாமம் ஒளிந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். நல்ல வேளை, நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"டிரைவர் யாரு?"

"ஆரோக்கியம்."

ஒரு நிமிஷம் யோசித்தார். இந்தப் பேரைக் கேட்டு முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியும். ஆரோக்கியத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் வண்டிக்கு அந்தப் பக்கம் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அவா ரெண்டு கலையிலேயும் சேர்த்தி இல்லையே?"

"இல்லை சுவாமி."

"அப்போ ரொம்ப சௌகரியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆரோக்கியம் வாய்விட்டுச் சிரித்தான். "எங்க தாத்தா காலத்துலயே இத சொல்லியிருந்தா எவ்ளோ நல்லாருந்துருக்கும் ஐயரே" என்றான். நானும் சிரித்தேன். ஆனால் அவன் அளவுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

மண்டப வாசல்

கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தத்தில். அதே நாள்தான் சவரிமுத்துவின் கெடு. ஒரு லோடு வந்திருக்கிறது என்றால் அது நிலையான லோடு ஆகிவிடுமா? அவர் காலையிலேயே பையோடு வந்துவிட்டார். "இன்னைக்கு வேலைய முடி. சாயந்தரம் பஸ் ஏறிடலாம்" என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

பருப்புத் தேங்காய்க் கூம்புகள், முறுக்குத் தட்டுகள், லட்டு டின்கள், வெண்கலப் பானைகள், பீரோ, கட்டில் எல்லாம் ஏறின. ஆரோக்கியம் அன்று ஓட்டியதைப் பார்க்க வேண்டும். அத்தனை பள்ளத்திலும் ஒரு பருப்புத் தேங்காய்கூடச் சாயவில்லை. சவரிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி மருமகனின் கையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் சீர் இறங்கிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில்தான் தேசிகாச்சாரிக்கு ஞானம் பிறந்தது. "மங்கள காரியத்துக்கு வந்த வண்டி. நெத்தி பாழா இருக்கப்படாது" என்று திருமண் கிண்ணத்தோடு வந்தார். அதைப் பார்த்த அழகியமணவாளனும் ஒரு கிண்ணத்தோடு ஓடி வந்தார். அதன் பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

ஆக, இரண்டு விரல்களும் கீழே நிற்கின்றன. சுற்றிலும் கூட்டம். "பாதம் வெச்சுப் பாரும், தெரியும்" என்கிறார் ஒருவர். "வெக்காம விட்டுத்தான் பாருமேன்" என்கிறார் மற்றவர். உள்ளே முகூர்த்த நேரம் நெருங்குகிறது. பெண்ணும் பிள்ளையும் மாலையோடு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அப்போது ஆரோக்கியம் கீழே இறங்கினான். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு, பம்பர் மேல் கால் வைத்து ஏறினான். இரண்டு பெரியவர்களுக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கோடுகளையும் ஒரே இழுப்பில் துடைத்தான்.

முன்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள்.

"சாமி, கோச்சிக்காதீங்க" என்றான். "நெத்தி காலியா இருக்குதுன்னு பாத்துத்தான வண்டிய புடிச்சீங்க? சாயந்தரம் இதே வண்டி பிள்ள வூட்டுக்குப் போவணும். பாதி வழியில நிறுத்தி நாமத்த மாத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க. பொண்ணு வாசல்லயே காத்துக்கினு இருக்குது, உள்ள போங்க சாமி."

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே சமயத்தில் இருவருக்கும் நிம்மதி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தான் ஜெயிக்காவிட்டால் என்ன, அவரும் ஜெயிக்கவில்லையே! அழகியமணவாளன் முதலில் இறங்கி, தேசிகாச்சாரி இறங்குவதற்குக் கை கொடுத்தார். நாகஸ்வரக்காரர் சட்டென்று கெட்டிமேளத்துக்கு வேண்டிய உற்சாகத்தில் ஊத ஆரம்பித்தார். கல்யாணப் பெண் ஆரோக்கியத்தைப் பார்த்துக் கை கூப்பினாள்.

சாயங்காலம் பிள்ளை வீட்டில் சீரை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். கையில் ஆளுக்கொரு தாம்பூலப் பை. வண்டி காலி. நான், ஆரோக்கியம், நடுவில் சவரிமுத்து. பஸ் ஸ்டாண்டு வரப் போகிறது. என்ன சொல்லி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் கணக்கு எழுதியவனுக்கு இரண்டு வார்த்தை பேச வரவில்லை. அவனைப் பிரிய எனக்கு மனமில்லை, அவ்வளவுதான் விஷயம். அதை ஒரு மாமனாரிடம் எப்படிச் சொல்வது?

சவரிமுத்துதான் தொண்டையைக் கனைத்தார்.

"ஐயரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கோ."

"எங்க ஊர்ல மாதா திருநாள் வருது. மாதாவ லாரில வெச்சித்தான் ஊர சுத்தி வருவாங்க. ஊருக்குள்ள ரெண்டு தெரு. ஒண்ணு அந்தோனியார் தெரு, ஒண்ணு மிக்கேல் தெரு. போன வருஷம் அந்தோனியார் படம் ஒட்டுன வண்டிய கூட்டியாந்துட்டானுங்க. மிக்கேல் தெருக்காரனுங்க ரோட்ல படுத்துட்டானுங்க. மாதா ரோட்லயே நின்னுக்கினு இருந்தாங்க, பாவம்."

ஆரோக்கியம் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"இந்த வருஷம் உங்க வண்டிய குடுங்க. வருஷா வருஷம் குடுங்க. சுத்துப்பட்டு ஊருங்களுக்கும் சொல்றேன், எல்லா ஊர்லயும் ரெண்டு தெரு இருக்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, விரலை நீட்டி எச்சரித்தார். "ஆனா ஒண்ணு. நெத்தியில எதுவும் எழுதிடாதீங்க."

பஸ் ஸ்டாண்டு வந்தது. ஆரோக்கியம் வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல், மாமனாரைப் பார்க்காமல் கேட்டான்.

"மாமா, பஸ்ஸுக்கு நேரமாவலியா?"

"எந்த பஸ்ஸு?" என்றார் சவரிமுத்து. மடியிலிருந்த பையைக் கீழே வைத்து, காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார். "ஸ்டெல்லா சோறாக்கி வெச்சிருக்கும். வண்டிய எடு."